குழியானை: தேவதைக் கதையைப் புரட்டிப் போடும் நகைச்சுவை பற்றிச் சில குறிப்புகள்

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஆங்கிலத்தில் வாசித்து வளரும் எங்கட பிள்ளைகள் சில காலமாக ஒரு வகை நாவலை விரும்பி வாசிக்கிறார்கள். அதிலே ராஜா உண்டு, இளவரசி உண்டு, சூனியக்காரி உண்டு. ஆனால் ஒருவரும் தமக்கு விதித்த வேலையைச் செய்வதில்லை. இளவரசி குதிரையேறிப் போய்விடுகிறாள், சூனியக்காரி நல்லவளாக இருக்கிறாள், ராஜகுமாரன் தவளையாகவே இருந்திருக்கலாம் என்று வாசிப்பவருக்கே தோன்றுகிறது. பெரியவர்கள் இதை இரண்டு விதமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு சாரார், "இதெல்லாம் சின்னப் புள்ளைகள்ற விளையாட்டு" என்கிறார்கள். மற்றச் சாரார், "வெள்ளைக்காரன் தன்ட கதையை நக்கலடிக்கிறான், அதால எங்களுக்கு என்ன?" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. இந்த வகை எழுத்து எங்களுக்கு அந்நியமானதல்ல. இன்றைய நிலையில் எங்களுக்குத் தேவையானதும்கூட. இரண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்நியமா என்பது. ஆயிரத்தொரு இரவுகளிலே கூனன் கதை என்று ஒரு நீண்ட கோவை இருக்கிறது. அதற்குள்ளே ஒரு தையற்காரன் ஒரு கதை சொல்கிறான். பக்தாத்திலே ஒரு வாலிபன் காழியின் மகள்மேல் ஆசை கொள்கிறான். வெள்ளிக்கிழமை, காழி ஜும்ஆவுக்குப் போகும் நேரம் அவளைச் சந்திப்பதாக ஏற்பாடு. காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் தயார். போவதற்கு முன்னே தலை மழிக்க ஒரு நாவிதனைக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான். நாவிதன் கத்தியை எடுக்கவில்லை. வானம் பார்க்கும் கருவியை எடுத்து நல்ல நேரம் கணிக்கிறான். தன் கல்வியைப் பற்றிப் பேசுகிறான், தன் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறான், எல்லாவற்றுக்கும் மேலாகத் தான் ஓர் அமைதியான மனிதன், பேச்சுக் குறைந்தவன் என்பதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறான். பிறகு வாலிபனுக்குப் பின்னாலேயே போய், காழியின் வீட்டு வாசலில் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறான். வாலிபன் பெட்டிக்குள் ஒளிகிறான். கடைசியில் அவனுக்குக் கிடைத்தது காதலியல்ல, ஒடிந்த காலும் நொண்டி நடையும்தான்.

இதைவிடத் தெளிவாகக் காதல் கதையை யார் கேலி செய்திருக்கிறார்கள்? கவனிக்க வேண்டியது என்னவென்றால், கேலி வெளியிலிருந்து வரவில்லை. மந்திர விளக்கும் பறக்கும் கம்பளமும் என்று உலகம் எந்தக் கதை மரபை நினைக்கிறதோ அந்த மரபே தன் வயிற்றுக்குள் இந்த நாவிதனை வைத்திருந்தது. அவனுக்கு ஆறு சகோதரர்கள். அதில் ஒருவன் கண்ணாடிச் சாமான் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, இதை விற்று, அதை வாங்கி, மந்திரியின் மகளைக் கட்டி, அவளைக் காலால் எட்டி உதைப்பதாகக் கனவு கண்டு கூடையையே உதைத்து நொறுக்குகிறான். ஏழை எப்படி மந்திரி மருமகனாகிறான் என்று சொல்லும் நூறு கதைகள் இருக்கும் அதே நூலில், அந்த நூறையும் பார்த்துச் சிரிக்கும் ஒரு கதையும் இருக்கிறது.

எங்கட தீவிலே சிங்கள அயலவர்கள் மஹதனமுத்தாவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் பற்றிச் சொல்வார்கள். பானைக்குள் ஆட்டின் தலை மாட்டிக்கொண்டது. எல்லாம் தெரிந்தவர் ஆட்டின் தலையை வெட்டச் சொன்னார், பிறகு தலையை எடுக்கப் பானையையும் உடைக்கச் சொன்னார். தமிழிலே வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கும் ஐந்து சீடர்கள்தான். ஞானியும் சீடர்களும் என்ற உயர்ந்த கதையைத் தலைகீழாகப் பிடித்தால் வருவது இதுதான். முல்லா நஸ்ருத்தீனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அவர் இல்லாத முஸ்லிம் ஊர் இல்லை. ஆக, இந்தச் சிரிப்பு கப்பலேறி வந்த சரக்கல்ல.

இனி ஆங்கிலத்தில் உள்ளது. 1973இல் வில்லியம் கோல்ட்மன் 'த பிரின்சஸ் பிரைட்' என்ற நாவலை எழுதினார். மோர்கன்ஸ்டேர்ன் என்ற பழைய ஆசிரியரின் பெரிய நூலைத் தான் சுருக்கித் தருவதாக அதில் ஒரு பாவனை. அப்படியொரு ஆசிரியரும் இல்லை, நூலும் இல்லை. இந்த வகையில் மிக அதிகம் எழுதியவர் டெரி பிராச்செட் (1948–2015). அவருடைய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் மட்டும் 41 நாவல்கள். அதிலே 1991இல் வந்த 'விச்சஸ் அப்ராட்' எங்கட கட்டுரைக்கு முக்கியமானது.

அதன் கதை இது. ஜெனுவா என்ற நகரத்தை லிலித் என்பவள் ஆட்டிப் படைக்கிறாள். அவள் கெட்டவளாகத் தன்னை நினைக்கவில்லை. ஏழைப் பெண்ணுக்கு ராஜகுமாரனைக் கட்டிவைக்கும் தேவதைத் தாயாகத்தான் நினைக்கிறாள். எல்லோரும் கதையிலே வருவதுபோல வாழவேண்டும் என்பது அவளுடைய சட்டம். பொம்மை செய்கிறவன் சிரித்த முகத்தோடு பிள்ளைகளுக்குக் கதை சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அது குற்றம். ஏழைப் பெண் எல்லா ராஜகுமாரனைக் கட்டியே ஆகவேண்டும், அவளுக்கு இஷ்டமா என்று கேட்க ஆளில்லை. அந்த ராஜகுமாரனோ அசலில் ஒரு தவளை. மூன்று சூனியக்காரிகள் வெகுதூரம் பயணம் செய்து வருகிறார்கள். எதற்கு? அந்தக் கல்யாணத்தை நிறுத்துவதற்கு. கதை மனிதருக்காகவா, மனிதர் கதைக்காகவா என்ற கேள்விதான் நாவல் முழுக்க. நகைச்சுவைக்கு அடியிலே இவ்வளவு கடுமையான ஒரு விசாரணை இருக்கிறது. ராஜகுமாரனைக் கேலி செய்வது சுலபம். ராஜகுமாரன் வருவான் என்று சொல்லிச் சொல்லி ஒரு பெண்ணைச் சிறைவைப்பதைக் காட்டுவது வேறு காரியம்.

இந்த விசாரணையை பிராச்செட்டுக்கு 40 வருடங்களுக்கு முன்பே, எங்களுக்கு அக்கரையில், ஒரு முஸ்லிம் எழுத்தாளர் செய்துவிட்டார் என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். வைக்கம் முகம்மது பஷீர் (1908–1994) 1951இல் மலையாளத்தில் எழுதிய சிறு நாவல், தமிழில் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்று குளச்சல் யூசுஃபின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. 1980இல் ஆர். ஈ. ஆஷர் அதை ஆங்கிலத்தில் ஆக்கியபோது தலைப்பையே பேச்சு வழக்கில் வைத்தார். உம்மாவும் வாப்பாவும் நிகாஹும் வரும் அந்த வீட்டுப் பேச்சைப் பேச்சாகவே கொடுத்தால்தான் கதை நிற்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். தமிழ் முஸ்லிம் வாசகருக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்த வீட்டுக்குள் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்விடலாம்.

மந்திரம் எதுவும் இல்லாத இந்த நாவலை ஏன் தேவதைக் கதையோடு சேர்க்கிறேன் என்று கேட்கலாம். அமைப்பைப் பாருங்கள். ஒரு காலத்திலே, பெரிய வீட்டிலே, பொன் நகை பூட்டிய ஒரு மகள், குஞ்ஞுபாத்தும்மா. அவளுக்குரிய மாப்பிள்ளை எங்கிருந்தோ வரவேண்டும். வருகிறவன் எவனும் தகுதியில்லை. ஏனென்றால் அவளுடைய உம்மா குஞ்ஞுதாச்சும்மா, யானை வைத்திருந்த ஆனமக்காரின் மகள். அந்த யானைதான் இந்தக் கதையின் மந்திரப் பொருள். அலாவுதீனுக்கு விளக்கு, இந்தக் குடும்பத்துக்கு யானை. ஒரேயொரு வித்தியாசம்: விளக்கைத் தேய்த்தால் ஏதாவது வரும். இந்த யானையை எத்தனை தரம் சொல்லித் தேய்த்தாலும் ஒன்றும் வராது. சொத்து வழக்கிலே தோற்று, பெரிய வீடு போய், ஒரு சின்னக் குடிசைக்கு வந்த பிறகும் யானை மட்டும் போகவில்லை. அரிசி குறையக் குறைய யானை பெரிதாகிறது.

அயல் வீட்டுக்குப் படித்த ஒரு குடும்பம் வருகிறது. நிஸார் அகமதும் அவன் தங்கை ஆயிஷாவும். ஆயிஷா குஞ்ஞுபாத்தும்மாவுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாள். இவர்களெல்லாம் இஸ்லாமானவர்கள்தானா என்று உம்மாவுக்குச் சந்தேகம். முடிவிலே கல்யாணம் நடக்கிறது. ஆனால் அதைவிட முக்கியமான இன்னொன்றும் நடக்கிறது. யானைப் பெருமையைக் கேட்டுக்கேட்டு அலுத்த ஊர்ப் பிள்ளைகள், அது கொம்பன் யானை அல்ல, குழியானை என்று கூவுகிறார்கள். மணலிலே சின்னக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அந்தப் பூச்சி. ஒரு பரம்பரையின் முழுப் பாரமும் ஒரு பூச்சியின் பெயரில் இறங்கிவிடுகிறது. எங்கட ஊரில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்க் காசு கொடுத்து யானை பார்த்தவர்களுக்குத் தெரியும்: அசல் யானை எவ்வளவு பெரியது என்று. அந்தப் பெரிதைச் சிறிதாக்க ஒரு மூதறிஞரை அனுப்பாமல் பிள்ளைகளை அனுப்பினாரே, அதுதான் பஷீர்.

1954இல் அவர் எழுதிய 'உலகப் புகழ்பெற்ற மூக்கு' இன்னும் நேரடியான மாயக்கதை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமையற்காரனுக்கு 24 வயதில் மூக்கு நீளத் தொடங்குகிறது. வேலை போகிறது, பட்டினி வருகிறது. பிறகு சனங்கள் பார்க்க வருகிறார்கள், பணம் வருகிறது, பட்டம் வருகிறது, கட்சிகள் அவனை இழுத்துப் பறிக்கின்றன. மூக்கு அசலா, றப்பரா என்பது அரசியல் பிரச்சினையாகிறது. பழைய கதைகளில் அற்புதம் என்பது நல்லவனுக்குக் கிடைக்கும் கூலி. இங்கே அற்புதம் யாருக்கும் கூலியல்ல. அதைச் சுற்றிக் கூடும் கூட்டந்தான் கதை.

பஷீரின் நாவலில் எனக்கு ஒரு குறையும் தெரிகிறது. அதையும் சொல்லாவிட்டால் விமர்சனம் முழுமையாகாது. நிஸார் அகமது மிக நல்லவன், மிகச் சுத்தமானவன், எல்லாம் தெரிந்தவன். யானையைக் கவிழ்த்த கை இவனைத் தொடவில்லை. பழைய ராஜகுமாரனுக்குப் பதில் சீர்திருத்த ராஜகுமாரன் வந்துவிட்டான். குஞ்ஞுபாத்தும்மா கடைசி வரை மீட்கப்படுகிறவளாகவே இருக்கிறாள். பிராச்செட்டின் எல்லா ராஜகுமாரனைக் கட்டாமல் தப்புகிறாள், அந்த வகையில் ஆங்கில நாவல் ஓரடி முன்னே போகிறது. ஆனால் ஆயிஷாவைக் கணக்கில் எடுத்தால் நிலைமை மாறுகிறது. உண்மையில் குஞ்ஞுபாத்தும்மாவுக்கு யானைக்கு வெளியே ஓர் உலகத்தைக் காட்டியவள் அவள். மாப்பிள்ளை வருமுன்னே எழுத்து வந்துவிட்டது. வாசகர் கவனமாக இருந்தால், மீட்டது யார் என்பதற்கு நாவலே வேறொரு விடையை வைத்திருப்பதைக் காணலாம்.

இனி எங்கட யானைகளுக்கு வருவோம். "எங்கட மூத்தவாப்பாட காலத்துல கப்பல் ஓடின, யெமன்ல இருந்து வந்த வம்சம்" என்று பெண் பார்க்கப் போன இடத்திலே கேட்காதவர் யார்? சிரிக்கலாம். ஆனால் சிரிப்பதற்கு முன் அந்த யானை எப்படி வளர்ந்தது என்றும் பார்க்கவேண்டும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி வெளியிட்ட கட்டுரையில், சோனகர் பெரும்பாலும் தமிழரே என்று வாதித்தார். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார். இடையில் 1889இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கென்று முதல் பிரதிநிதி நியமிக்கப்பட்டார். ஆக, மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கதை அன்று வெறும் பெருமைக் கதையல்ல. சபையிலே ஓர் ஆசனத்தோடும், தனியான ஓர் அடையாளத்தோடும் சம்பந்தப்பட்ட கதை. அந்தக் காலத்தில் யானை சுமை தூக்கியது. அதே காலத்தில்தான், 1885இல், சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வந்தது. எகிப்திலே பிறந்து, பிள்ளைப் பருவத்தில் களவு போய், பம்பாயில் வளர்ந்த ஒருவனின் கதை. காணாமற்போன இளவரசன் என்ற பழைய கிஸ்ஸாவின் எலும்பிலே புதிய காலத்தின் தசையை வைத்துக் கட்டிய நாவல் அது. எங்கள் நாவல் பிறந்ததே தேவதைக் கதையின் மடியில்தான்.

என் கேள்வி இதுதான்: சுமை இறக்கிய பிறகும் யானையை வாசலில் கட்டி வைத்திருக்கிறோமே, அதற்குத் தீனி போடுவது யார்? வம்சக் கதைக்காக வயது போகும் குமர்களா? சீதனப் பேச்சிலே யானை பெண் வீட்டாருக்கு எதிராகவும், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆதரவாகவும் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். இதைக் கட்டுரையாக எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள், குத்பாவில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். குழியானை என்று ஒரு பிள்ளை கூவினால் மட்டும் மறக்க முடியாது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் வரும். சிரிப்புக்கு எல்லை இல்லையா? உண்டு. எங்கட கதைச் செல்வத்திலே இரண்டு வகை இருக்கிறது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய 'ஆயிரம் மசலா' ஒரு வகை. அது மார்க்கம் பற்றிய கேள்வி பதில், நபிகளாரின் அவை அதன் களம். அதை வைத்து விளையாட நான் சொல்லவில்லை, விளையாடவும் கூடாது. 'நூறு மசலா' இன்னொரு வகை. மெகர்பானு என்ற இளவரசி நூறு விடுகதை போடுகிறாள், விடை சொல்கிறவனுக்கே கழுத்தை நீட்டுவாள். இது முழுக்க மனிதக் கற்பனை. தலைமுறை தலைமுறையாக எங்கட பெண்கள் ரசித்துக் கேட்ட கதை. வஹியும் கதையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே துணியில் சுற்றி வைத்து, இரண்டையுமே தொடாதே என்பதுதான் ஆபத்து. பிறகு ஜின் கதையும் தர்ஹாக் கதையும் வம்சக் கதையும் எல்லாம் தீன் என்று ஆகிவிடும்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "எங்களைப் பற்றி ஊரெல்லாம் கதை கட்டுற காலத்துல, நாங்களும் எங்களைப் பார்த்துச் சிரிக்கணுமா?" அளுத்கமையையும் திகனையையும் பார்த்த சமூகத்திடம் இந்தக் கேள்விக்குச் சும்மா பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவிலே மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அதிலே அப்படி ஒன்றும் இல்லை, மாக்கட்டிதான். அப்படியொரு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொல்லி என்ன? கதை முந்திவிட்டது.

அந்தக் கதையின் வடிவம் எங்கிருந்து வந்தது? அந்நிய உருவத்தில் வரும் ஒருவர், பார்வைக்கு நல்ல தின்பண்டம், அதற்குள்ளே நஞ்சு. சூனியக்காரியின் கையில் இருந்த அதே அப்பிள் பழம். நாலு வயதில் கேட்ட கதையின் அச்சு மனத்திலே இருப்பதால்தான் நாற்பது வயதில் அந்தப் பொய் இலேசாக உள்ளே போகிறது. பிராச்செட்டின் லிலித்தைப் போல யாரோ ஒருவர், ஒரு நாட்டையே கதையாக்கி, உனக்கு நாயகன் வேஷம், இவனுக்கு அரக்கன் வேஷம் என்று பங்கு பிரிக்கிறார். மறுப்பு அறிக்கையால் மட்டும் இதை எதிர்க்க முடியாது. அச்சையே அடையாளம் காணப் பழகிய வாசகர் வேண்டும். 'அட, இது அந்த அப்பிள் பழக் கதைதானே' என்று ஒருவர் கேட்க முடிந்தால், கல்லெடுக்கும் கை ஒரு கணம் தயங்கலாம். ஒரு கணம் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு கணமாவது இருக்கட்டும் என்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு பக்கமாக வராது. மற்றவர்களின் அரக்கன் கதையைச் சந்தேகிக்கிறவர் தன் யானைக் கதையையும் சந்தேகித்தே ஆகவேண்டும். அதனால்தான் நண்பரின் கேள்விக்கு என் பதில் ஆம் என்பது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமூகத்தை அரக்கனாக வரைவதும் கொஞ்சம் கஷ்டம். பஷீரை வாசித்த பிற சமயத்து வாசகர்கள் அந்த முஸ்லிம் வீட்டைப் பார்த்து வெறுத்தார்களா? குஞ்ஞுதாச்சும்மாவைத் தங்கட உம்மும்மாவாக, அம்மம்மாவாக, ஆச்சியாக அல்லவா கண்டுகொண்டார்கள்! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யானை உண்டு என்று அவர்களுக்கும் தெரிந்தது.

தமிழிலே எழுதும் எங்கட இளம் எழுத்தாளர்களில் கதைகளை இப்படிக் கையாளக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, புரட்டிப் போடுவதற்கு முதல் கதையை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். கிஸ்ஸாக்களை வாசிக்காதவர் செய்யும் கேலி, ஆங்கிலப் படத்தின் நகலாகத்தான் முடியும். தேவதைக்குக் கைத்தொலைபேசி கொடுத்துவிட்டால் நகைச்சுவை ஆகிவிடாது. இரண்டு, நேசம் வேண்டும். பஷீர் அந்த உம்மாவை நேசித்தார், அதனால்தான் அவளுடைய வீண்பெருமை எங்களைச் சுட்டது. வெறுப்பிலிருந்து எழுதியிருந்தால் அது ஒரு வசைக்கடிதமாகப் போயிருக்கும்.

பொருள் கையிலே இருக்கிறது. நூறு விடுகதையும் அவிழ்ந்து, விருந்தும் முடிந்து, மறுநாள் காலையில் மெகர்பானு நூற்றியோராவது மசலாவைப் புருஷனிடம் கேட்டால் என்ன கேட்பாள்? அவன் என்ன விழிப்பு விழிப்பான்? இதை எழுத எங்களில் ஒரு பெண் எழுத்தாளர் முன்வந்தால், இந்தச் சஞ்சிகையின் பக்கங்களில் முதல் ஆளாக வாசிக்க நான் காத்திருக்கிறேன்.